மைனஸ் 20-ல் மோட்டார்ஹோம்: குளிர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

மோட்டார்ஹோமில், அதாவது வீடாகவும் இருக்கும் வண்டியில், நடு இரவில் குளிர் தாங்காமல் விழிப்பு வந்தால் உடனே எழுந்து தெர்மோஸ்டாட்டைத் திருகாதீர்கள். படுத்தபடியே ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் ஃபேன் ஓடுகிறதா? ஓடிக்கொண்டே இருக்கிறதா, இரண்டு நிமிடம் ஓடி நின்று மறுபடி ஓடுகிறதா? இல்லை, சத்தமே இல்லையா? போர்வைக்குள் இருந்தபடியே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் டார்ச்சோடு இறங்க வேண்டும்.

நான் எழுதுவது ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவில் கழித்த குளிர்கால வார இறுதிகளை வைத்து. நெடுஞ்சாலை 60-ல், மேற்கு வாசலிலிருந்து முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது மியூ லேக் முகாம். வருடம் முழுக்கத் திறந்திருக்கும், மின் இணைப்புள்ள இடங்களும் உண்டு. ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 அங்கே சாதாரணம். எங்கள் வண்டி 24 அடி நீளம், டிரைவர் தலைக்கு மேல் படுக்கை உள்ள கிளாஸ் சி ரகம். வயதாகிவிட்டது. இந்தக் குளிருக்கு என்று செய்த வண்டியும் இல்லை. வட அமெரிக்காவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை கோடைக்குப் பிறந்தவைதான். பனியில் அவற்றை ஓட்டுவது நம் பிடிவாதம்.

சரி, அறிகுறிகளுக்குப் போகும் முன் ஃபர்னஸ் எப்படி எழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் ஃபேன் சுற்றும். காற்று போதிய வேகத்தில் அடித்தால், அதன் பாதையில் நிற்கும் செயில் சுவிட்ச் என்ற சின்னத் தகடு சாயும். காற்று வருகிறது என்று ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டுக்கு அப்போதுதான் தெரியும். சுமார் பதினைந்து விநாடி, உள்ளே தேங்கியதை வெளியே தள்ளும். பிறகு கேஸ் வால்வு திறக்கும், டிக் டிக் டிக் என்று பொறி, புஸ்ஸென்று நெருப்பு. நெருப்பு பிடிக்காவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். பல போர்டுகள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும். மின்சாரம், காற்று, கேஸ், பொறி. வரிசை இதுதான். சோதிப்பதும் இதே வரிசையில் இருந்தால் நேரம் மிச்சம்.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, வெளியே போனால் சரியாகிவிடுகிறது

குளிரைப் பற்றிக் கேட்டால் இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குளிர் உடனே ஆளைக் கொல்லாது, கார்பன் மோனாக்ஸைடு கொல்லும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. காய்ச்சல் இல்லாமல் ஃப்ளூ வந்தது போல இருக்கும். வண்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் அது சளி இல்லை. எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவாருங்கள், 911-ஐ அழையுங்கள். சட்டை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஃபர்னஸை நிறுத்திவிட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். முதலில் ஆட்கள் வெளியே.

காரணம் பெரும்பாலும் சுவரில் இருக்கும் ஃபர்னஸின் புகைப்போக்கியைப் பனி மூடியிருப்பது, அல்லது ஜெனரேட்டர் புகை வண்டிக்கு அடியில் தேங்கி மேலே ஏறுவது. சிலர் அடுப்பைப் பற்றவைத்துச் சூடேற்றுவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் படுக்கையின் உயரத்தில் இருக்கட்டும். கேஸ் கசிவு அலாரம் தரைக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், புரொப்பேன் காற்றைவிடக் கனம். இரண்டுக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இன்றைக்கே கழற்றிப் பாருங்கள்.

ஃபேன் ஓடுகிறது, வருவது குளிர்காற்று

எனக்கு வரும் ராத்திரி போன்களில் பாதி இதுதான். போன வருடம் தம்பி முறையில் பழகும் ஒருவர் அதிகாலை 3 மணிக்கு அழைத்தார். "அண்ணே, ஃபேன் ஓடுது, சூடு வரல. ஃபர்னஸ் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"அடுப்பைப் பத்தவெச்சுப் பார்த்தீங்களா?"

"இந்நேரத்துக்கு எதுக்கு அண்ணே அடுப்பு?"

கேஸ் வருகிறதா என்று பார்க்க அதைவிடச் சுலபமான கருவி வண்டியில் இல்லை. இரண்டு பர்னரையும் பற்றவையுங்கள். நீல நெருப்பு நிமிர்ந்து நின்றால் கேஸ் இருக்கிறது. சோம்பி, மஞ்சளாக, மூச்சு வாங்கிக்கொண்டு எரிந்தால் அழுத்தம் இல்லை. கீழே புரொப்பேன் பகுதிக்குப் போங்கள். நன்றாக எரிந்துகொண்டிருந்த நெருப்பு, ஃபர்னஸ் முயலும் நொடியில் மட்டும் தாழ்ந்தாலும் அதே பிரச்சினைதான். பார்த்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

அவருடைய அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. "இப்ப தெர்மோஸ்டாட்டை நிறுத்திட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. வெளிய புகைப்போக்கிகிட்ட ஒருத்தர் நின்னு டிக் டிக்னு சத்தம் வருதான்னு கேக்கட்டும்." நிறுத்திப் போட்டால் போர்டின் பூட்டு விடும், மறுபடி முதலிலிருந்து முயலும். பாவம், அவர் மனைவிதான் வெளியே நின்றார். டிக் டிக் கேட்கவில்லை.

பொறியே வரவில்லை என்றால் போர்டுக்கு இன்னும் 'காற்று வருகிறது' என்ற தகவல் போகவில்லை. ஒன்று, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. அல்லது செயில் சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் பேட்டரி 10.6 வோல்ட். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் தகட்டைச் சாய்க்கும் பலம் இல்லை. ஃபர்னஸில் ஒரு குறையும் இல்லை. வண்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பல மோட்டார்ஹோம்களில் எஞ்சினின் ஆல்டர்னேட்டர், உள்ளே விளக்குக்கும் ஃபர்னஸுக்கும் இருக்கும் பேட்டரிக்கும் சார்ஜ் கொடுக்கும். வோல்ட் 13-ஐத் தாண்டியதும் புஸ்ஸென்று பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடும்போது யாரும் தூங்கக்கூடாது என்பதையும் சொல்லித்தான் போனை வைத்தேன்.

வோல்ட் சரியாக இருந்தும் பொறி வராவிட்டால் செயில் சுவிட்சைச் சந்தேகப்படலாம். எங்கள் வண்டியில் ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது அந்தத் தகடு தபால்தலை அளவுதான் இருந்தது. அதன் கம்பியில் நாய் முடியும் பஞ்சும் சேர்ந்து சின்னக் குருவிக்கூடு போலச் சுற்றியிருந்தன. எங்களிடம் நாய் கிடையாது. எங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவரின் நாய் அது. பஞ்சை எடுத்ததும் தகடு விரலுக்கு லேசாக ஆடியது, 'கிளிக்' என்றது. இந்த வேலையைப் பகலில், மின் இணைப்பையும் கேஸையும் மூடிவிட்டுச் செய்ய வேண்டும்.

டிக் டிக் கேட்கிறது, கேஸும் இருக்கிறது, நெருப்பு மட்டும் பிடிக்கவில்லை அல்லது பிடித்து உடனே அணைகிறது என்றால் பொறி முனை, பர்னர், வால்வு, போர்டு, இதில் ஏதோ ஒன்று. அங்கே நான் கைவைப்பதில்லை. கேஸ் வேலைக்கு உரிமம் பெற்ற டெக்னீஷியனிடம் விட்டுவிடுவேன்.

ஃபேனே ஓடவில்லை

முதலில் மைக்ரோவேவ் கடிகாரத்தைப் பாருங்கள். அது இருட்டாக இருந்தால் வெளி மின்சாரம் போய்விட்டது. முகாம் கம்பத்தில் பிரேக்கர் விழுந்தால் உள்ளே யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும், ஃபர்னஸ் ஓடும், எல்லாம் பேட்டரியில். பேட்டரி தீரும்போதுதான் சேதி வரும். அதுவும் எப்போது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபர்னஸ் ஃபேன் 8 ஆம்ப் அளவில் இழுக்கும். மைனஸ் 20-ல் அது மணிக்கு நாற்பது நிமிடமாவது ஓடும், அதாவது சராசரி 5 ஆம்புக்கு மேல். 100 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்கலாம், ஐம்பது. வெளிப்பெட்டியில் குளிரில் உறைந்து கிடக்கும் பேட்டரி அதிலும் கிட்டத்தட்ட பாதியை விழுங்கிக்கொள்ளும். முப்பது கிடைத்தால் அதிர்ஷ்டம். இரவு 9 மணிக்குத் தொடங்கினால் 3 மணிக்கெல்லாம் முடிந்தது. எல்லோரும் ஏன் 3 மணிக்கே எனக்குப் போன் செய்கிறார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

லித்தியம் போட்டால் தீர்ந்துவிடும் என்பார்கள். கொள்ளளவு பிரச்சினை தீரும். ஆனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. நல்ல பேட்டரியின் பாதுகாப்பு போர்டு தானே சார்ஜைத் துண்டித்துவிடும். வெயில் அடிக்கிறது, சோலார் தகடு பளபளக்கிறது, பேட்டரிக்குள் ஒன்றும் ஏறவில்லை என்றால் காரணம் அதுதான். வண்டிக்குள், கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும், அல்லது உள்ளேயே சூடேற்றும் வசதியுள்ள ரகம் வாங்க வேண்டும்.

கடிகாரம் எரிகிறது, ஃபேன் மட்டும் இல்லை என்றால் 12 வோல்ட் ஃபியூஸ், தெர்மோஸ்டாட் வயர், ஃபர்னஸின் சொந்த சுவிட்ச். பத்து நிமிட வேலை.

இரண்டு நிமிடம் ஓடுகிறது, நெருப்பு அணைகிறது, மறுபடி பிடிக்கிறது

ஃபர்னஸுக்கு மூச்சு முட்டுகிறது. சூட்டை வெளியே தள்ள வழியில்லாததால் உள்ளே அதிகச் சூடாகி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை வெட்டுகிறது. எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் பெரும்பாலும் சாமான்தான். குளிர்காலத்தில் எடுத்துப்போகும் பூட்ஸ், ஜாக்கெட், போர்வை எல்லாம் கண்ட இடத்தில் குவியும். ஃபர்னஸ் காற்றை உள்ளிழுக்கும் ஜாலி முன்னால் அரிசிப் பையை நிறுத்திவிட்டு, வண்டி சூடாகவில்லை என்று நாங்கள் ஒரு நாள் முழுக்கப் புலம்பியிருக்கிறோம். தரையில் இருக்கும் காற்றுத் துவாரங்களை மூடக்கூடாது. படுக்கையறைக்கு நிறையச் சூடு போகட்டும் என்று மற்றவற்றை மூடினால் இதே கதைதான். கட்டிலுக்கு அடியில் போகும் மடங்கு குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கனமான பெட்டியை அதன் மேல் தள்ளினால் சப்பையாகிவிடும்.

கேஸ் இருக்கிறது என்று மீட்டர் சொல்கிறது, அடுப்பு சோம்பலாக எரிகிறது

புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால், அதற்கு மேல் எந்தக் குளிரிலும் வேலை செய்யும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. குளிரக் குளிர டேங்கில் அழுத்தம் குறையும். மைனஸ் 18-ல் சுமார் 24 பி.எஸ்.ஐ., நல்ல கோடையில் 38 டிகிரிக்கு 170-க்கு மேல். தவிர, திரவம் ஆவியாகத் தன்னிடம் இருக்கும் சூட்டையே செலவழிப்பதால் டேங்க் மேலும் குளிரும். டேங்கில் திரவம் குறைவாக இருந்தால், சூடு வாங்கும் ஈரமான சுவர்ப்பரப்பும் குறைவு. ஆக, கால் டேங்க் கோடையில் தாராளம், மைனஸ் 25-ல் பஞ்சம். பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். டேங்க் எதுவரை நிரம்பியிருக்கிறது என்று தெரிய ஒரு சொம்பு வெந்நீரை அதன் பக்கவாட்டில் ஊற்றித் தடவிப் பாருங்கள். திரவம் இருக்கும் இடம் ஜில்லென்று இருக்கும், மேலே சூடாக இருக்கும்.

எவ்வளவு செலவாகும்? மணிக்கு 30,000 பி.டி.யு. (சூட்டின் அளவு) தரும் ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 9 கிலோ சிலிண்டர் பதினான்கு மணி நேரம் வரும். கடும் குளிரில் ஒரு நாளைக்குப் பத்து கிலோ என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். மியூ லேக்கிலிருந்து பூங்காவுக்கு வெளியே ஹன்ட்ஸ்வில் ஊருக்குப் போய் நிரப்பி வருவது பாதி நாளை விழுங்கும். அதனால் போகும் வழியிலேயே நிரப்பிவிடுகிறோம்.

டேங்க் நிறைந்திருந்தும் அழுத்தம் இல்லையா? வால்வை மூடி, ஐந்து நிமிடம் கழித்து மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். படாரென்று திறந்தால் கசிவு என்று நினைத்து உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பு பாதி மூடிக்கொள்ளும், பலருக்கு இது தெரியாது. அப்புறம் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதன் மூச்சுத்துளை கீழ் நோக்கி, பனிக்கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். உறைந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணி போதும், பிறகு துடைத்துவிடுங்கள். லைட்டரை அங்கே யாரும் எடுத்துப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபர்னஸ் நன்றாக ஓடுகிறது, வண்டி மட்டும் சூடாகவில்லை

குறை ஃபர்னஸில் இல்லை. சூடு எங்கோ ஓடிப்போகிறது. இன்னொரு ஹீட்டர் வாங்கத் தோன்றும். அதற்கு முன்னால் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். எல்லாக் கருவிகளையும்விட எனக்கு உதவியது அதுதான். புகை நேராக மேலே போகும் இடம் சரி, வளைந்து ஆடும் இடம் ஓட்டை. எங்கள் வண்டியில் கதவின் கீழ் விளிம்பு, சிங்க்குக்கு அடியில் குழாய் வெளியே போகும் துளை, வெளி மின்கம்பி உள்ளே நுழையும் பொந்து, டிரைவரின் கால்மிதிப் பக்கம். நான்கும் நான்கு புகை வளைவு. திரைச்சீலைக்குப் பக்கத்தில் பத்தியைக் கொண்டுபோகாதீர்கள். முடிந்ததும் தண்ணீரில் நனைத்து அணையுங்கள்.

ஆனால் உண்மையான திருடன் முன்பகுதி. டிரைவர் இருக்கை இருக்கும் பகுதி வெறும் வேன். ஒற்றைக் கண்ணாடி, மெல்லிய தகரக் கதவு, எஞ்சினிலிருந்து நேராக வரும் குளிர். அதை வீட்டோடு சேர்த்துச் சூடேற்ற முயல்வது வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறையைச் சூடேற்றுவது மாதிரி. இருக்கைகளுக்குப் பின்னால் மேலிருந்து தரை வரை கனமான திரை ஒன்று தொங்கவிடுங்கள். நாங்கள் பழைய ரஜாயைக் கொக்கியில் மாட்டுகிறோம், அழகுக்கு மதிப்பெண் கிடையாது. மாட்டிய அன்றே ஃபர்னஸ் நின்று நின்று ஓடத் தொடங்கியது, அதற்கு முன்னால் இரவு முழுக்க ஓயாது. கூரைத் துவாரங்களுக்கு 14 அங்குலச் சதுர மெத்தை விற்கிறார்கள், வாங்குங்கள். ஜன்னலுக்கு வெள்ளிக் குமிழித் தாள் வெட்டிப் பொருத்தலாம். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டால் குகையில் இருப்பது போல ஆகிவிடும், தெற்குப் பக்க ஜன்னல் ஒன்றின் தாளை மட்டும் பகலில் எடுத்துவிடுங்கள்.

வண்டியைச் சுற்றிப் பனியைக் குவித்து அடிப்பாகத்துக்கு அணை கட்டுவதும் உண்டு. காற்று அடியில் புகாமல் இருந்தால் தரை நன்றாகவே மாறும். ஃபர்னஸ் புகைப்போக்கி, ஜெனரேட்டர், ஃப்ரிட்ஜ் துவாரம், இவற்றின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

உள்ளே கதகதப்பு, குழாயில் தண்ணீர் வரவில்லை

இதை எங்கள் முதல் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன், இன்னமும் வெட்கமாக இருக்கிறது.

கேஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று 1500 வாட் மின் ஹீட்டர் ஒன்று கொண்டுபோயிருந்தோம். மின்சாரம் முகாம் கட்டணத்திலேயே சேர்த்தி, கேஸ் நம் காசு. ஹீட்டரை நடுக்கூடத்தில் வைத்தேன், தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே. 18 டிகிரி வைத்துவிட்டுத் தூங்கினோம். அருமையான தூக்கம். ஃபர்னஸ் சத்தமே இல்லை. நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். காலையில் காபிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திருப்பினால் பம்ப் உறுமுகிறது, ஒரு சொட்டு இல்லை.

ஃபர்னஸ் சூடேற்றுவது நம்மை மட்டும் இல்லை. பல வண்டிகளில் அதன் காற்றுக் குழாய் ஒன்று அடித்தளத்துக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் சூடாக வைக்கும். தனிக் குழாய் இல்லாத வண்டிகளிலும், தரைக்கடியிலும் பெட்டிகளுக்குள்ளும் ஓடும் காற்றுக் குழாயிலிருந்து கசியும் சூடுதான் அங்கே கிடைக்கும் ஒரே சூடு. மின் ஹீட்டர் கூடத்தை மட்டும் சூடாக்கி, தெர்மோஸ்டாட்டை ஏமாற்றிவிட்டது. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிவது அது மாட்டியிருக்கும் அந்த ஒரு சாண் சுவர்தான். நாங்கள் கதகதப்பாகத் தூங்கிய நேரத்தில் கீழே தண்ணீர் கல்லாகிக்கொண்டிருந்தது.

உறைந்துவிட்டால்: பம்பை நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள், உருகும் தண்ணீருக்குப் போக வழி வேண்டும். சிங்க்குக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, ஃபர்னஸை 24-க்கு ஏற்றுங்கள். எங்களுக்கு உறைந்திருந்தது கட்டிலுக்கு அடியில், வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டு வளையும் முழங்கை இணைப்பு. கையால் தடவிக்கொண்டே போனால் குளிர் திடீரென்று கடிக்கும் இடம் தெரியும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, திறந்த குழாய்ப் பக்கமிருந்து பின்னோக்கி நகர்த்தினேன். இரண்டரை மணி நேரம். கடைசியில் குழாய்க்குள் சின்னதாய் ஒரு நெரிசல் சத்தம், பிறகு இருமல் மாதிரி காற்று, பிறகு தண்ணீர். பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக் இணைப்புகள். அதனால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பம்பைப் போட்டுக் கேளுங்கள். யாரும் தண்ணீர் பிடிக்காதபோது பம்ப் அவ்வப்போது தானாக ஓடினால் எங்கோ ஒழுகுகிறது.

இப்போது மின் ஹீட்டரை விட்டுவிடவில்லை, இடம் மாற்றிவிட்டேன். தெர்மோஸ்டாட்டிலிருந்து தள்ளி, வண்டியின் மறுகோடியில், குறைந்த சூட்டில். ஃபர்னஸ் மணிக்கு இரண்டு மூன்று முறையாவது எழ வேண்டும். எழவில்லை என்றால் ஹீட்டரைக் குறைக்கிறேன்.

வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயை இணைத்தே வைக்காதீர்கள். வீட்டிலிருந்தே தொட்டியை நிரப்பிக்கொண்டு போய் அதிலிருந்து பயன்படுத்துவதுதான் நிம்மதி. கழிவுத் தொட்டிகளின் வால்வும் மூடியே இருக்கட்டும். திறந்து வைத்தால் சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர் குழாயிலேயே உறைந்து அடைத்துவிடும். இரண்டு தொட்டியிலும் மோட்டார்ஹோம் கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றுங்கள். ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை ரகம் விஷம், இதற்கு ஆகாது.

ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, மெத்தைக்கு அடியில் ஈரம்

தமிழ் வீட்டுச் சமையல்தான் இதில் முதல் குற்றவாளி. மூன்று விசில் குக்கர், ஒரு இட்லிப் பானை, வண்டிக்குள் மழைக்காலம். அத்தனை ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராகி, அலுமினிய விளிம்பில் பனிக்கட்டியாகிவிடும். மேலே படுக்கை உள்ள வண்டியில் நிலைமை இன்னும் மோசம். உடல் சூட்டின் ஈரம் மெத்தையைத் தாண்டி அடிப்பலகையில் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டாம் நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது பலகை பளபளவென்று இருந்தது, தொட்டால் வழுக்கியது. ஐஸ்!

ஈரத்தை வெளியே அனுப்ப வேண்டும் என்றால் குளிர்காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். மனசு வராது. ஆனாலும் கூரைத் துவாரத்தை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள், சமைக்கும்போது புகை ஃபேனைப் போடுங்கள். மெத்தைக்கு அடியில் காற்று போக இடைவெளி தரும் விரிப்பு கிடைக்கிறது. புகைப்போக்கி இல்லாத சின்ன கேஸ் ஹீட்டர்களை நான் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் உண்டாகும். ஃபர்னஸ் அதை வெளியே துப்பிவிடும், அந்தச் சின்ன ஹீட்டர் அறைக்குள்ளேயே விட்டுவிடும்.

ஹீட்டர் போட்டால் பிரேக்கர் விழுகிறது

1500 வாட் என்றால் 120 வோல்டில் 12.5 ஆம்ப். 30 ஆம்ப் இணைப்பில் இரண்டு ஹீட்டர் 25, அதோடு சார்ஜர், அதோடு யாராவது மைக்ரோவேவில் பால் சூடாக்கினால் போச்சு. வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பிளக் வரிசைக்கும் பெரும்பாலும் 15 ஆம்ப்தான், ஆகவே ஒரு வரிசையில் ஒரு ஹீட்டர். ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள், கம்பி மெல்லியது அல்லது பிளக் தளர்ந்திருக்கிறது. கூரையில் ஏ.சி.யோடு வரும் ஹீட் பம்பை நம்பாதீர்கள், 4 டிகிரிக்குக் கீழே அதற்கு வேலை இல்லை.

எல்லாம் சரி, தூங்கும்போது மட்டும் குளிர்கிறது

இரவு முழுக்க வண்டியை 22-ல் வைக்க முயல வேண்டாம். 14, 15 போதும், படுக்கையைச் சூடாக்குங்கள். 12 வோல்ட் மின்போர்வை 4, 5 ஆம்ப்தான் எடுக்கும், படுக்க அரை மணிக்கு முன்னால் போட்டுவிட்டுப் படுத்ததும் அணைத்துவிடலாம். என் மனைவி வெந்நீர்ப் பையைக் கால்மாட்டில் வைப்பார். அதற்கு ஆம்ப்பும் வேண்டாம், வாட்டும் வேண்டாம். கால் மட்டும் குளிர்ந்தால், குழந்தைகள் விளையாடும் பஞ்சு விரிப்பை நடைபாதையில் பரப்புங்கள்.

கிளம்பும் காலையில் எஞ்சின் முனகுகிறது

மின் இணைப்பு இருந்தால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே எஞ்சினையே சூடாக்கும் பிளாக் ஹீட்டரைச் செருகிவிடுங்கள். அப்போது அறை ஹீட்டர்களில் ஒன்றை நிறுத்த வேண்டியிருக்கும், பிரேக்கர் கணக்கு நினைவிருக்கட்டும். டயருக்கு அடியில் வைத்த கட்டைகள் தரையோடு உறைந்திருக்கும், வண்டியை முன்னும் பின்னும் ஆட்டாமல் கம்பியால் தட்டி எடுங்கள். பக்கவாட்டில் வெளியே தள்ளும் அறை உள்ள வண்டியானால், அதன் கூரையில் இருக்கும் பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, ரப்பர் விளிம்பில் ஐஸ் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே இழுக்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் கடைசியாக, எஞ்சின் ஓடிச் சூடான பிறகு, கறுப்பை (கழிப்பறைத் தொட்டியை) முதலிலும் கழுவுநீரை அடுத்தும் காலி செய்யுங்கள். குழாயை உதறி, வளையாமல் நீட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் வீடு வருவதற்குள் வளைந்தபடியே விறைத்துவிடும். வால்வை மூடியதும் ஊருக்குத் திரும்பும் வழிக்கென்று இன்னும் ஒரு லிட்டர் இளஞ்சிவப்பு.